சிவப்பு விளக்கு எரியாத கேமரா

மேடை நிகழ்ச்சி ஒன்று நேரலையில் போய்க்கொண்டிருந்தது. நான் மூன்றாவது கேமராவில் நின்றிருந்தேன். வேலைக்குப் புதிது. கேமராவின் தலையில் இருக்கும் டாலி லைட் சிவப்பாக எரிந்தால் என் படம் ஒளிபரப்பில் இருக்கிறது, அணைந்தால் இல்லை என்பது மட்டும் நன்றாகத் தெரியும். பாடகி சரணத்தை முடித்ததும் என் விளக்கு அணைந்தது. சரி, இனி கொஞ்ச நேரத்துக்கு நம் பக்கம் வரமாட்டார்கள் என்று தோளைத் தளர்த்திக்கொண்டு, டிரம்ஸ் வாசிப்பவரைப் பிடிப்பதற்காகக் கேமராவைச் சட்டென்று வலப்பக்கம் திருப்பினேன். பாதி வழியில் விளக்கு மறுபடி சிவந்துவிட்டது. மேடைத் தூண், ஸ்பீக்கர், யாரோ ஒருவரின் முதுகு என்று எல்லாம் தேய்ந்து ஓடுகிற படம் அப்படியே பார்ப்பவர்களிடம் போய்ச் சேர்ந்தது.

நிகழ்ச்சி முடிந்து கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, எந்தக் கேமராவின் படம் வெளியே போக வேண்டும் என்று மாற்றும் ஸ்விட்சரில் உட்கார்ந்திருந்த அண்ணன் வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "தம்பி, லைட் எரியும்போது உனக்குப் பெரிசா ஒரு வேலையும் இல்ல. அசையாம நின்னா போதும். லைட் அணைஞ்சப்புறம்தான் உன் வேலையே ஆரம்பிக்குது" என்றார். "நீ அடுத்து என்ன வச்சிருக்கேன்னு பார்த்துத்தான் நான் வெட்டுறேன். நீ ஒண்ணும் வைக்கலைன்னா எனக்கு வெட்ட ஒண்ணும் இல்ல."

பிறகு பல வருடங்கள் கேமராவுக்குப் பின்னால் நின்றேன். இப்போது பெரும்பாலும் அந்த அண்ணன் உட்கார்ந்த மாதிரியான நாற்காலியில்தான் உட்காருகிறேன். பல கேமரா வேலையைப் பற்றி யார் கேட்டாலும் நான் அந்த ஒரு பேச்சிலிருந்துதான் ஆரம்பிப்பேன். ஒரு நேரத்தில் ஒரு கேமராதான் ஒளிபரப்பில் இருக்கும். மூன்று கேமரா இருந்தால் இரண்டு சும்மா இருப்பதுபோலத் தெரியும். நிகழ்ச்சி நன்றாக வருவதும் சொதப்புவதும் அந்த இரண்டும் அப்போது என்ன செய்துகொண்டிருக்கின்றன என்பதில்தான் இருக்கிறது.

புதியவர்களுக்காக அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். எல்லாக் கேமராக்களின் படமும் ஸ்விட்சருக்கு வரும். அதில் இரண்டு வரிசைப் பொத்தான்கள் இருக்கும். ஒன்று புரோகிராம், அதாவது இப்போது வெளியே போகிற படம். இன்னொன்று பிரிவ்யூ, அடுத்துப் போகப்போகிற படம். பிரிவ்யூவில் இருக்கிற கேமராவுக்குப் பெரும்பாலான கருவிகளில் பச்சை விளக்கு எரியும். கட் பொத்தானை அழுத்தினால் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். அவசரக்காரர்கள் பிரிவ்யூவையே தொடாமல் புரோகிராம் வரிசையிலேயே நேராகக் குத்துவார்கள். நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்த புதிதில் அப்படித்தான் செய்தேன். அதனால் நகர்ந்துகொண்டிருக்கும் கேமராவுக்கும், ஃபோகஸ் தேடிக்கொண்டிருக்கும் கேமராவுக்கும் வெட்டி, அன்றைக்கு எனக்கு நடந்ததை வேறு பையன்களுக்கு நடத்திக் காட்டினேன். அப்போதுதான் முதல் நாள் தவறில் பாதி ஸ்விட்சர் பக்கமும் இருந்தது என்று புரிந்தது. பிரிவ்யூவில் போடு, அரை விநாடி உற்றுப் பார், படம் நின்றுவிட்டதா என்று தெரிந்துகொள், அப்புறம் வெட்டு. இந்த அரை விநாடிப் பழக்கம் வர எனக்கு ஒரு வருடம் ஆனது.

விளக்கு அணைந்ததும் கேமராமேன் என்ன செய்ய வேண்டும்? அடுத்த ஆளைப் பிடிக்க வேண்டும். அவருடைய கண் வரைக்கும் முழுதாக ஜூம் செய்து, இமை முடி தெரியும்படி ஃபோகஸ் வைத்து, பிறகு தேவையான அளவுக்குப் பின்னால் வர வேண்டும். ஒளிபரப்புக்கான ஜூம் லென்சில் இப்படி ஒருமுறை வைத்த ஃபோகஸ் வைடு வரைக்கும், அதாவது முழுதாக அகன்ற படம் வரைக்கும், நிற்கும். வைடுக்கு வந்ததும் படம் மங்கினால் பேக் ஃபோகஸ், அதாவது லென்சுக்கும் சென்சாருக்கும் இடையிலான தூரம், சரியில்லை என்று பொருள். அதை நிகழ்ச்சிக்கு முன்பே சரிசெய்ய வேண்டும். புகைப்படக் கேமராவின் லென்சை வைத்து வேலை செய்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவற்றில் பலவற்றுக்கு ஜூமை மாற்றினாலே ஃபோகஸும் நகர்ந்துவிடும். அதனால் எந்த அளவில் படம் போகப்போகிறதோ அந்த அளவிலேயே ஃபோகஸ் வைக்க வேண்டும். எப்படிச் செய்தாலும், இந்த உள்ளே போய் வெளியே வரும் வேலையை விளக்கு எரியும்போது செய்ய முடியாது. கிடைக்கிற ஐந்தாறு விநாடிக்குள் ஆளைத் தேடி, ஃபோகஸ் வைத்து, படச்சட்டம் கட்டி, கையை உறைய வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புத்தான் கடினம். நல்ல ஷாட்டை வைத்துக்கொண்டு நாற்பது விநாடி நிற்பார்கள், வெட்டு வராது. பொறுமை போய் வேறு ஷாட் தேடக் கிளம்பும்போது வெட்டு வரும்.

இதற்கு ஸ்விட்சரில் இருப்பவரும் உதவ வேண்டும். ஒரு கேமராவிலிருந்து வெட்டி வந்ததும் "மூன்று ஃப்ரீ" என்று சொல்லிவிட்டால் போதும். இனி திரும்பலாம் என்று மூன்றாவது கேமராமேனுக்குத் தெரியும். வேண்டாத ஷாட்டை அவர் பிடித்துக்கொண்டு நின்றால், "மூன்று, அது வேண்டாம், வேறு தேடுங்கள்" என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் அவர் நிகழ்ச்சி முழுதும் நம்பிக்கையோடு அதையே பிடித்துக்கொண்டு நிற்பார்.

டாக்பேக்கில், அதாவது கேமராமேன்களின் ஹெட்செட்டுக்குப் போகும் இணைப்பில், பேசுவது தனிக் கலை. எண் முதலில் வர வேண்டும். "டிரம்ஸ் கொஞ்சம் டைட்டாக வை, இரண்டு" என்று சொன்னால் மூன்று பேரும் டிரம்ஸ் பக்கம் திரும்ப ஆரம்பித்திருப்பார்கள். "இரண்டு, டிரம்ஸ், டைட்" என்றால் ஒருவர் மட்டும் நகர்வார். வெட்டும்போது "இரண்டு ரெடி", பிறகு "டேக்". இந்த "டேக்" என்கிற சொல்லை வேறு எதற்கும் ஹெட்செட்டில் சொல்லக் கூடாது. டைரக்டர் ஒருவர், ஸ்விட்சரில் கை வைத்திருப்பவர் வேறொருவர் என்று பிரித்துச் செய்த ஒரு நிகழ்ச்சியில், "மூன்று டேக் வேண்டாம்" என்று சொல்ல வாயெடுத்தேன். "மூன்று டேக்" வரைக்கும் வந்ததுமே பக்கத்தில் இருந்தவர் அழுத்திவிட்டார். அவர் மீது ஒரு தவறும் இல்லை. அன்றிலிருந்து வேண்டாம் என்றால் "மூன்று இருக்கட்டும்" என்று மட்டும் சொல்கிறேன்.

கேமராமேன்கள் ஹெட்செட்டில் பதில் பேசுவதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அரங்கத்தில் பக்கத்தில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்கும் தொந்தரவு. அதற்காகக் கேமராவையே பேச வைக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. கேட்ட கேள்விக்கு ஆமாம் என்றால் கேமராவை மேலும் கீழும் லேசாக ஆட்டுவார்கள், இல்லை என்றால் இடமும் வலமும். மானிட்டரில் அந்தப் படம் தலையசைப்பது போலவே இருக்கும். விளக்கு அணைந்திருக்கும்போது மட்டும்தான் இதைச் செய்ய வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. வருடக்கணக்கில் ஒன்றாக வேலை செய்த கேமராமேன் ஒருவர் இருக்கிறார். அவருடைய "ஆமாம்" மெதுவாக வந்தால் ஷாட்டில் அவருக்குத் திருப்தி இல்லை என்று எனக்குத் தெரியும்.

அடுத்து, யார் எங்கே நிற்பது. மூன்று கேமரா என்றால் நடுவில் ஒன்று வைடு. அது முழு மேடையையும் காட்டும். மற்ற எல்லாம் கெட்டுப்போனாலும் ஓடி ஒளிந்துகொள்ள அது வேண்டும். அதனால் அதை யாரும் என்னைக் கேட்காமல் அசைக்கக் கூடாது என்று முன்பே சொல்லிவிடுவேன். மற்ற இரண்டும் இடத்திலும் வலத்திலும். கலந்துரையாடல் என்றால் குறுக்காகப் பிடிக்க வேண்டும். இடப்பக்கக் கேமரா வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கும், வலப்பக்கக் கேமரா இடப்பக்கம் இருப்பவரை. அப்போதுதான் இருவரின் முகமும் முக்கால்வாசி கிடைக்கும். நேராகப் பிடித்தால் காதும் கன்னமும்தான் வரும்.

பேசுகிற இரண்டு பேரையும் இணைக்கும் ஒரு கோட்டை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். எல்லாக் கேமராவும் அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கம் இருக்க வேண்டும். 180 டிகிரி விதி என்பது இதுதான். ஒரு கேமரா கோட்டைத் தாண்டிவிட்டால், எதிரெதிரே பேசிக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று இருவரும் ஒரே திசையைப் பார்ப்பதுபோல ஆகிவிடும். பார்ப்பவருக்கு என்ன தவறு என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ உறுத்தும். நேரலையில் பின்னால் போய்த் திருத்த வழியில்லை என்பதால் கேமரா வைக்கும்போதே இதைப் பார்த்துவிட வேண்டும். கையில் கேமராவோடு மேடை ஏறுகிறவருக்கு, எந்த மூலையைத் தாண்டக் கூடாது என்று தரையில் டேப் ஒட்டிக் காட்டிவிடுவேன். வாயால் சொன்னதை நிகழ்ச்சி வேகத்தில் மறந்துவிடுவார்கள். டேப்பை மறக்க மாட்டார்கள்.

ஷாட் அளவிலும் ஒரு கவனம் வேண்டும். ஒரே ஆளை இரண்டு கேமராவும் ஒரே அளவில் வைத்திருந்தால் வெட்டும்போது ஆள் துள்ளுவது போலத் தெரியும். ஒருவர் இடுப்பளவு வைத்திருந்தால் இன்னொருவர் முகத்துக்குப் போக வேண்டும், அல்லது கோணமாவது 30 டிகிரிக்குக் குறையாமல் மாற வேண்டும். நிகழ்ச்சி முழுதும் ஷாட் ஷாட்டாகக் கட்டளை கொடுத்துக்கொண்டிருப்பதைவிட, ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு பொறுப்பைக் கொடுத்துவிடுவதுதான் எனக்குப் பிடித்த முறை. ஒன்று வைடு. இரண்டு, பேசுகிறவர் அல்லது பாடுகிறவர் எப்போதும். மூன்று வேட்டைக்காரன்: கைகள், கேட்பவர்கள், வாத்தியம், கூட்டம். நிகழ்ச்சிக்கு முன் பத்து நிமிடம் உட்கார்ந்து இதைப் பேசிவிட்டால், நிகழ்ச்சியின்போது ஹெட்செட்டில் பேச்சே குறைந்துவிடும்.

எப்போது வெட்டுவது என்று நிறையப் பேர் கேட்பார்கள். இசை என்றால் தாளம் சொல்லிவிடும். பேச்சு என்றால், பேசுகிறவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் எப்போதும் பிந்திவிடுவோம். பேசாதவர்களைப் பார்க்க வேண்டும். அடுத்துப் பேசப்போகிறவரின் உதடு முதலில் லேசாகப் பிரியும், மார்பு ஏறும், உடம்பு ஓர் அங்குலம் முன்னால் வரும். அதற்குப் பிறகுதான் குரல் வரும். நான்கு பேர் உட்கார்ந்த கலந்துரையாடலில் என் கண் பெரும்பாலும் வைடு மானிட்டரில்தான் இருக்கும். அதில்தான் யார் மூச்சு இழுக்கிறார்கள் என்று தெரியும். அந்த மூச்சுக்கு வெட்டினால் முதல் சொல் முகத்தோடு வரும்.

இனி நிறம். இரண்டு வேறு கம்பெனிக் கேமராவை ஒரே மேடையில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒன்றில் முகம் பச்சையடிக்கும், இன்னொன்றில் சிவப்பாக இருக்கும். ஒரே கம்பெனியாக இருந்தாலும் வெள்ளையை வெள்ளையாகக் காட்டக் கேமரா தானே நிறத்தைத் திருத்தும் ஆட்டோ ஒயிட் பேலன்சில் விட்டால் இதே கதைதான். மேடை விளக்கு நிறம் மாறும்போதெல்லாம் ஒவ்வொரு கேமராவும் தன் இஷ்டத்துக்குத் திருத்திக்கொண்டே இருக்கும். எல்லாவற்றையும் மேனுவலுக்கு மாற்றுங்கள். பேசுகிறவர் நிற்கப்போகிற இடத்தில், முகத்தில் விழப்போகிற வெள்ளை விளக்கை மட்டும் போட்டு, ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்து, எல்லாக் கேமராவையும் அதே நேரத்தில் அதே அட்டைக்கு ஒயிட் பேலன்ஸ் செய்யுங்கள். டங்ஸ்டன் விளக்கு என்றால் சுமார் 3200 கெல்வின், பகல் வெளிச்சம் என்றால் சுமார் 5600. ஜன்னல் வெளிச்சமும் விளக்கும் கலந்த அரங்கில் திரையை மூடிவிடுவதே நல்லது. மாலை ஆக ஆக ஜன்னல் நிறம் மாறிக்கொண்டே போகும்.

அட்டைக்குச் சரியாக வைத்த பிறகும் முகம் பொருந்தாமல் இருக்கலாம். அப்போது நான் செய்வது இது. யாராவது ஒருவரை மேடையில் நிற்க வைத்து, எல்லாக் கேமராவையும் அவர் முகத்துக்குக் கொண்டுவரச் சொல்லி, ஸ்விட்சரில் ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று வேகமாக வெட்டிக்கொண்டே இருப்பேன். எல்லாக் கேமராவும் ஒரே திரையில் தெரியும் மல்டிவியூவில் பக்கத்துப் பக்கத்தில் பார்க்கும்போது ஒன்றாகத் தெரிகிற இரண்டு படம், வெட்டும்போது வித்தியாசத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். காதுமடலையும் கழுத்து நிழலையும் பாருங்கள். பச்சையா சிவப்பா என்பது அங்கேதான் முதலில் தெரியும். கேமராக்களைத் தள்ளியிருந்தே கட்டுப்படுத்தும் சி.சி.யூ இருந்தால், உள்ளே வரும் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் ஐரிஸும் கறுப்பு அளவும் ஒரே மேசையிலிருந்து சரிசெய்ய முடியும், அதற்கென்றே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். இல்லாத சின்ன செட்டப்பில் கேமராமேன்களே செய்ய வேண்டும். ஆனால் முடிவு ஒரே ஒரு கண்ணுடையதாக இருக்கட்டும். மூன்று பேர் மூன்று குட்டி மானிட்டரில் பார்த்து வைத்தால் மூன்று விதமாகத்தான் வரும்.

ஷட்டரையும் விட்டுவிடக் கூடாது. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாட்டில் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் உள்ள நாட்டில் 1/60 அல்லது 1/120. மாறினால் சில விளக்குகளின் கீழ் படம் துடிக்கும். மேடைக்குப் பின்னால் எல்.இ.டி. திரை இருந்தால் தொல்லை இன்னொரு வகை. கேமராவில் அதன்மேல் பட்டை பட்டையாக ஓடும். ஷட்டரை நுணுக்கமாக நகர்த்தும் வசதி இருந்தால் பட்டை நிற்கும் இடத்தைத் தேடிப் பிடிக்கலாம். திரையின் புள்ளிகளும் சென்சாரின் புள்ளிகளும் மோதி அலை அலையாக வரும் மொய்ரேவுக்கு, ஆளைத் திரையிலிருந்து முன்னால் தள்ளி நிற்கவைத்துத் திரையைக் கொஞ்சம் ஃபோகஸுக்கு வெளியே விடுவதுதான் எனக்குத் தெரிந்த நல்ல மருந்து. ஒத்திகையில் திரை அணைந்திருந்தால் எதுவும் தெரியாது. அதைப் போடச் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.

ஒலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேமராக்காரர்கள் அதை வேறு ஒருவர் வேலை என்று விட்டுவிடுகிறோம். கேமரா படத்தை வெளியே தள்ளுவதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கிறது. ஸ்விட்சர், வெவ்வேறு நேரத்தில் வருகிற படங்களை ஒன்றோடொன்று பொருத்த இன்னொரு ஃப்ரேம் வரைக்கும் எடுத்துக்கொள்கிறது. நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேம் 40 மில்லி விநாடி. ஒலியோ மிக்சரிலிருந்து நேராக வந்துவிடுகிறது. ஆக, நாம் ஒன்றும் செய்யாவிட்டால் ஒலி முந்தி, உதடு பிந்தும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை ஒன்றில், ஒலி சுமார் 45 மில்லி விநாடி முந்தினாலே பார்ப்பவர்கள் கவனித்துவிடுகிறார்கள், பிந்தினால் சுமார் 125 மில்லி விநாடி வரை கவனிப்பதில்லை என்று இருக்கிறது. யோசித்தால் அது சரிதான். வெளிச்சம் முதலில், சத்தம் பிறகு என்பது நமக்குப் பழகிய உலகம். தூரத்தில் கோடரி விழுந்த பிறகுதான் சத்தம் கேட்கும். முன்னால் கேட்டு யாருக்கும் பழக்கமில்லை. ஆகவே பல கேமரா வேலையில் இயல்பாக வரும் பிழை, மனிதக் கண்ணும் காதும் பொறுத்துக்கொள்ளாத திசையிலேயே வருகிறது.

தீர்வு எளிது. வைடு கேமராவுக்கு முன்னால், மேடை மைக் பக்கத்தில் ஒருவரைக் கை தட்டச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தி, கைகள் சேரும் இடத்துக்கும் சத்தம் வரும் இடத்துக்கும் எத்தனை ஃப்ரேம் என்று எண்ணுங்கள். அந்த அளவு தாமதத்தை ஒலியில் சேர்த்துவிடுங்கள். ஸ்விட்சரிலோ ஒலி மிக்சரிலோ இதற்கு வசதி இருக்கும். அரங்கத்தில் பெரிய திரையும் இருந்தால் கணக்கு வேறு. அங்கே ஸ்பீக்கரின் ஒலியை நாம் தாமதப்படுத்தப் போவதில்லை, படத்தின் தாமதத்தைக் குறைக்கத்தான் பார்க்க வேண்டும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 34 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்குச் சத்தமே ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு பிந்தித்தான் போகிறது. அதனால் பின்வரிசைக்காரருக்குத் திரை ஒழுங்காக இருக்கும், முன்வரிசைக்காரர் முகம் சுளிப்பார்.

பதிவு விஷயத்தில் எனக்கு நடந்த ஒன்றை இன்றைக்கும் வருத்தத்தோடுதான் நினைக்கிறேன். ஒரு பாராட்டு விழா. மூன்று புகைப்படக் கேமராக்களை எச்.டி.எம்.ஐ. வழியாக ஸ்விட்சருக்குக் கொடுத்திருந்தோம். ஒவ்வொரு கேமராவிலும் தனித்தனியாக, ஐசோ என்று நாங்கள் சொல்லும் பதிவும் ஓடியது, பிறகு நிதானமாக மறுபடி எடிட் செய்வதற்காக. முக்கியப் பேச்சு 50 நிமிடம். வீட்டுக்கு வந்து கார்டைப் போட்டுப் பார்த்தால் இரண்டாவது கேமராவில் 29 நிமிடம் 59 விநாடியோடு பதிவு நின்றிருந்தது. ஐரோப்பியச் சுங்க விதிகளில், ஒரே மூச்சில் 30 நிமிடமோ அதற்கு மேலோ பதிவு செய்யும் கருவியை வீடியோ கேமராவாகக் கணக்கிட்டு அதிக வரி விதித்தார்கள். அதைத் தவிர்ப்பதற்காகத்தான் பல புகைப்படக் கேமராக்களில் இந்த எல்லை வந்தது. அது எனக்குத் தெரியாது. பதிவு நின்றாலும் எச்.டி.எம்.ஐ.யில் படம் தொடர்ந்து வந்துகொண்டிருந்ததால் ஸ்விட்சரில் எதுவும் தெரியவில்லை. பேச்சாளர் தன் அம்மாவைப் பற்றிப் பேசியது அந்த 30-ஆவது நிமிடத்துக்குப் பிறகுதான். அந்தக் குடும்பத்துக்கு நேரலையில் போன படம் மட்டும்தான் மிச்சம்.

அதற்கப்புறம் நிகழ்ச்சிக்கு முந்தைய நாளே ஒவ்வொரு கேமராவையும் ஒரு மணி நேரம் முழுதாக ஓடவிட்டுப் பார்க்கிறேன். நேர எல்லை, சூடாகி அணைவது, தானாகத் தூங்கிப்போவது, கார்டு நிரம்புவது எல்லாம் அதில் தெரிந்துவிடும். நொடிக்கு 50 மெகாபிட் பதிவு என்றால் ஒரு மணி நேரத்துக்கு 22.5 ஜிபி வேண்டும், 100 மெகாபிட் என்றால் 45. கேமராவின் மெனு எழுத்துகளும் பேட்டரிக் குறியும் எச்.டி.எம்.ஐ.யில் சேர்ந்து போகாதபடி அணைத்திருக்கிறோமா என்றும் அப்போதே பார்த்துவிடலாம். எல்லாக் கேமராவும் ஒரே ஃப்ரேம் ரேட்டில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக மெனுவைத் திறந்து கண்ணால் பார்க்க வேண்டும், கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாது. பதிவுகளை நேரத்தை வைத்துப் பொருத்த உதவும் டைம்கோட் வசதி இல்லாவிட்டால் எல்லாக் கேமராவுக்கும் தெரியும்படி ஆரம்பத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை கை தட்டுங்கள். ஒவ்வொரு கேமராவின் கடிகாரமும் கொஞ்சம் வேறு வேகத்தில் ஓடும். ஒரு மணி நேரத்தில் ஒன்றிரண்டு ஃப்ரேம் விலகுவது சாதாரணம். முடிவில் தட்டிய கைதான் அதைக் காட்டும்.

கேபிள் பற்றிச் சுருக்கமாக. எச்.டி.எம்.ஐ. சாதாரணக் கேபிளில் 10 மீட்டரைத் தாண்டினால் நம்பிக்கை வைக்காதீர்கள். இணைப்பில் பூட்டு இல்லாததால் யாராவது தடுக்கினாலே கழன்றுவிடும். எஸ்.டி.ஐ. என்கிற தொழில்முறை வீடியோ இணைப்பில் திருகிப் பூட்டலாம், நல்ல கேபிளில் பல பத்து மீட்டர் போகும். கேபிளின் முனையைக் கேமராவில் தொங்கவிடாமல், டிரைபாட் காலில் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டு மேலே கொண்டுபோங்கள். இழுபட்டால் டிரைபாட் இழுபடட்டும், சாக்கெட் பிழைக்கும்.

இந்த வேலையின் தொடக்கத்தை நினைத்தால் எனக்கு எப்போதும் மரியாதை வரும். 1937 மே 12 அன்று ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு ஊர்வலத்தைப் பிபிசி லண்டன் ஹைட் பார்க் கார்னரிலிருந்து நேரலையில் காட்டியது. மூன்றே கேமரா. நாம் இன்று சின்ன நிகழ்ச்சிக்கு வைக்கிற அதே மூன்று. 1963 டிசம்பர் 7 அன்று அமெரிக்காவில் ராணுவ, கடற்படை அணிகள் மோதிய அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் டைரக்டர் டோனி வெர்னா உடனடி ரீப்ளேயை முதல்முறை காட்டினார். அதுவரை மக்கள் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்பதால், இது நேரலை இல்லை, மறுபடி புள்ளி எடுக்கவில்லை என்று வர்ணனையாளர் சொல்ல வேண்டியிருந்தது. ரீப்ளே என்றால் என்ன? விளக்கு எரியாத ஒரு கேமரா தன் ஷாட்டைக் கெட்டியாகப் பிடித்திருந்து, அதை யாரோ பதிவு செய்துகொண்டும் இருந்தால்தான் காட்டுவதற்கு ஒன்று இருக்கும்.

சில நாட்களுக்கு முன் ஒரு பரிசளிப்பு விழா. மூன்றாவது கேமராவில் புதுப் பெண் ஒருவர். மூன்றாவது நிகழ்ச்சியோ நான்காவதோ அவருக்கு. பரிசு வாங்கிய இளைஞர் ஏற்புரை பேசிக்கொண்டிருந்தார், நான் ஸ்விட்சரில் இரண்டாவது கேமராவின் படத்தை வெளியே விட்டிருந்தேன். மல்டிவியூவின் மூலையில் மூன்றாவது படத்தைப் பார்த்தேன். அரங்கத்தின் நடுவரிசையில் ஒரு வயதான மனிதர். மடியில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த விரல்களும் முகமும் சட்டத்துக்குள் சரியாக இருந்தன. யார் அவர், ஏன் அவரைப் பிடித்திருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. "வேறு தேடுங்கள்" என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. படம் துளியும் அசையாமல் இருந்ததால் சொல்லாமல் விட்டேன். நல்லவேளை. பிரிவ்யூவில் மட்டும் போட்டு வைத்தேன்.

ஒரு நிமிடம் போல அந்தப் பெண் அப்படியே நின்றார். ஒருமுறை மட்டும், பெரியவர் லேசாகச் சாய்ந்தபோது, கேமரா பெரியவரோடு மயிரிழை நகர்ந்து மறுபடி நின்றது. இளைஞர் பேச்சை நிறுத்தி, மூச்சு இழுத்து, "எனக்கு ஏழாவது வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஐயா இங்கே வந்திருக்கிறார்" என்றார். பெரியவர் கண்ணாடியைப் பாதி துடைத்தபடி தலையை நிமிர்த்தினார்.

"மூன்று, டேக்" என்றேன்.

பிறகு அந்தப் பெண்ணைக் கேட்டபோது, நிகழ்ச்சிக்கு முன் அந்த இளைஞர் நடுவரிசைக்குப் போய்ப் பெரியவரின் காலைத் தொட்டுக் கும்பிட்டதைப் பார்த்ததாகச் சொன்னார்.